காபி தண்ணியாக வருகிறது, பால் சூடில்லை, ஆரஞ்சு விளக்கு எரிகிறது: கொட்டை அரைத்துக் காபி போடும் இயந்திரத்தை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது?

நீங்கள் கேட்டது இது. தாம்பரம் பக்கம் வீடு. பிள்ளைகள் வாங்கித் தந்த தானியங்கி காபி இயந்திரம் மூன்று மாதமாக ஓடுகிறது. காபி தண்ணியாக இருக்கிறது. பால் நன்றாக நுரைக்கிறது, ஆனால் சூடு போதவில்லை. வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த தூளை அதில் போடலாமா என்று சந்தேகம். இரண்டு நாளாக ஓர் ஆரஞ்சு விளக்கு எரிகிறது, ஆனாலும் காபி வருவதால் அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீட்டில் ஏழு வருடமாக இப்படிப்பட்ட இயந்திரத்தில்தான் காலையும் மாலையும் காபி. இப்போது இருப்பது இரண்டாவது. முதலாவது ஏன் போனது என்பதற்கும் உங்கள் ஆரஞ்சு விளக்குக்கும் சம்பந்தம் இருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்றது எல்லாம் ஒரு வாரம் காத்திருக்கலாம், விளக்கு காத்திருக்காது.

அந்த விளக்கு பெரும்பாலும் "உள்ளே உப்புப் படிந்திருக்கும், கரைத்து எடு" என்றுதான் சொல்கிறது. கடின நீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சிதைந்து, கால்சியம் கார்பனேட்டாகப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான். பாத்திரத்தில் பிடித்தால் தேய்த்துவிடலாம். இயந்திரத்துக்குள் தண்ணீர் சூடாவது ஓர் உலோகக் கட்டிக்குள் ஓடும் குறுகலான குழாயில். அங்கே கை போகாது.

எங்கள் முதல் இயந்திரத்துக்குப் போர் தண்ணீரை வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தோம். துணியில் வடிகட்டினால் மண் போகும், உப்பு போகாது. ஒன்றரை வருடத்தில் காபி சொட்டுச் சொட்டாக விழ ஆரம்பித்தது, பம்பு முனகியது, ஒரு நாள் காலையில் நின்றேவிட்டது. பழுது பார்க்க வந்தவர் சூடேற்றும் கட்டியைக் கழற்றி, கவிழ்த்து மேசையில் தட்டினார். சாக்பீஸ் உடைந்த மாதிரி வெள்ளைச் சில்லுகள் விழுந்தன. ஒரு சில்லை நகத்தால் கீறிப் பார்த்தேன், மாவாக உதிர்ந்தது. இயந்திரத்தின் விலையில் பாதியைப் பழுதுக்குக் கேட்டார்கள்.

இந்த விளக்கைப் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. அது தண்ணீரைச் சோதித்துப் பார்த்து எரிவதில்லை. எத்தனை லிட்டர் உள்ளே போயிற்று என்ற கணக்கையும், தண்ணீரின் கடினத்தன்மை என்று நீங்கள் அமைத்துவைத்த அளவையும் சேர்த்துப் பார்த்து எரிகிறது. நீங்கள் ஒன்றும் அமைக்கவில்லை என்றால் தொழிற்சாலையில் வைத்த அளவுதான் இருக்கும். பெட்டிக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டை வந்திருக்கும், தேடிப் பாருங்கள். அதைத் தண்ணீரில் நனைத்து எடுத்தால் நிறம் மாறும், அந்த நிறத்துக்கு உரிய எண்ணை அமைப்பில் போட வேண்டும். இந்த அளவுகள் ஐரோப்பியத் தண்ணீரை வைத்துப் போட்டவை. லிட்டருக்குச் சுமார் 250 மில்லிகிராம் கடினத்தன்மையைத் தாண்டினாலே அங்கே அது கடின நீர். நம் குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 200 வரை ஏற்கத்தக்கது என்கிறது, வேறு வழி இல்லாத இடத்தில் 600 வரை விடுகிறது. சென்னைப் புறநகரில் எத்தனையோ போர்களின் தண்ணீர் அந்த மேல் வரம்பை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் போர் தண்ணீர் ஊற்றும் வீட்டில் விளக்கை நம்பக்கூடாது. அது எரிவதற்கு முன்பே உள்ளே படிந்துவிடும்.

ஆர்.ஓ. தண்ணீரோ, நல்ல கேன் தண்ணீரோ ஊற்றுங்கள். ஆனால் ஆர்.ஓ. தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த மில்லிகிராம் அளவு, 30, 40 என்று மிகவும் இறங்கிவிட்டால் காபி சப்பென்று இருக்கும். சிறப்புக் காபி உலகில் வெகுகாலமாக வைத்திருந்த அளவுகோல் 75 முதல் 250 வரை, 150 வாக்கில் இருந்தால் உத்தமம் என்பது. பல ஆர்.ஓ. கருவிகளில் டி.டி.எஸ்.ஸைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. அடுத்த முறை சர்வீஸுக்கு வருபவரிடம் 80, 100 அளவில் வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், உப்பும் கூடவே ஏறும்.

சரி, இப்போது கரைத்து எடுக்கும் வேலை. அதற்கென்று விற்கும் திரவத்தையே வாங்குங்கள். வினிகர் வேண்டாம், அது ரப்பர் வளையங்களைக் கெடுக்கும், வாடையும் நாள் கணக்கில் போகாது. எலுமிச்சைச் சாறும் வேண்டாம். எலுமிச்சை உப்பைக் கெட்டியாகக் கரைத்துச் சூட்டோடு ஓடவிட்டால், கால்சியத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத இன்னொரு உப்பாக மாறிக் குழாயிலேயே தங்கிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் முக்கால் மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். ஆரம்பித்துவிட்டால் நடுவில் நிறுத்தக்கூடாது. பாதியில் நின்றால் அமிலம் உள்ளேயே தங்கும். மின்வெட்டு வரும் நேரம் தெரிந்தால் அந்த நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். கடைசியில் ஒரு தொட்டி நல்ல தண்ணீர் ஓட்டி அலசச் சொல்லும், நான் இரண்டு தொட்டி ஓட்டுகிறேன்.

அடுத்து, காபி தண்ணியாக வருவது. இயந்திரத்தில் கோளாறு இருக்காது. நீங்கள் அழுத்தும் பொத்தான் நமக்கு ஏற்றதில்லை, அவ்வளவுதான்.

பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கிரைண்டர் ஒரு கோப்பைக்கு ஏழிலிருந்து பத்துப் பதினொரு கிராம் வரை கொட்டையை அரைக்கிறது. தூள் ஒரு சின்ன உருளைக்குள் விழுகிறது. ஒரு பிஸ்டன் அதை அழுத்திக் கெட்டியாக்குகிறது. கொஞ்சம் வெந்நீர் விட்டு நனைத்து, அப்புறம் சுமார் 9 பார் அழுத்தத்தில் தண்ணீரைச் செலுத்துகிறது. பெட்டியில் 15 பார் என்று போட்டிருப்பது பம்பின் உச்சத் திறன், காபி இறங்கும்போது அவ்வளவு தேவையில்லை. கடைசியில் சக்கை ஒரு தட்டையான வில்லையாகச் சக்கைப் பெட்டியில் விழுகிறது. பித்தளை ஃபில்டரில் தண்ணீர் தன் எடையால் கால் மணி நேரம் இறங்குவதை இது அரை நிமிடத்தில் செய்கிறது.

1985-இல் இத்தாலியின் சேக்கோ நிறுவனம் வீட்டுக்கான முழுத் தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தபோது மனதில் இருந்தது எஸ்பிரெஸ்ஸோ, அதாவது கொஞ்சம் வெந்நீரை அழுத்தத்தில் செலுத்தி எடுக்கும் கெட்டிக் காபி. இன்றைக்கும் இவை எல்லாம் அடிப்படையில் எஸ்பிரெஸ்ஸோ இயந்திரங்கள்தான். "காபி", "லாங்" என்று எழுதியிருக்கும் பொத்தான்கள் பால் இல்லாமல் பெரிய கோப்பையில் குடிக்கும் ஐரோப்பியர்களுக்காக வைத்தவை. அதே பத்துக் கிராம் தூள் வழியாக 120 மில்லி, 180 மில்லி தண்ணீரை விட்டால் என்ன ஆகும்? முதல் 40 மில்லியில் நல்லது எல்லாம் இறங்கிவிடும், மீதி வெறும் கசப்பும் தண்ணீரும். அதில் போய்ப் பாலை ஊற்றினால் காபி எங்கே இருக்கும்?

ஆகவே இந்த இயந்திரத்தை டிகாக்‌ஷன் போடும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்பிரெஸ்ஸோ பொத்தான் ஒன்றே போதும். வீரியத்தை உச்சத்தில் வையுங்கள். அளவை 40 மில்லிக்கு அமையுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் அளவு கற்றுக்கொள்ளும் நிலைக்குப் போகும், வேண்டிய அளவு விழுந்ததும் மறுபடி அழுத்தினால் நினைவில் வைத்துக்கொள்ளும். மருந்து அளக்கும் மூடியாலோ, பிள்ளைகளுக்குப் பால் அளந்த பழைய அளவுக் கோப்பையாலோ ஒரு தடவை அளந்துவிடுங்கள். கண்ணளவு ஏமாற்றும், ஏனென்றால் மேலே நிற்கும் நுரையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். 40 மில்லி டிகாக்‌ஷனுக்கு 80 மில்லி பால் என்று ஆரம்பியுங்கள். இன்னும் திக்காக வேண்டும் என்றால் இதே பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். "இரண்டு கப்" பொத்தானை அழுத்தாதீர்கள், சில இயந்திரங்கள் ஒரு தடவை அரைத்ததையே இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும்.

இதற்குப் பிறகும் தண்ணியாக இருந்தால் அரைப்பதை மாற்ற வேண்டும். கொட்டைத் தொட்டிக்குள் ஒரு குமிழ் இருக்கும். கிரைண்டர் ஓடும்போது மட்டும் அதைத் திருப்புங்கள். நின்றிருக்கும்போது திருப்பினால் பற்களுக்கு நடுவில் கொட்டை மாட்டிக்கொண்டு குமிழே உடையலாம். ஒரு தடவைக்கு ஒரு படி. திருப்பியவுடன் வித்தியாசம் தெரியாது, உள்ளே முன்பு அரைத்த தூள் மிச்சம் இருக்கும். இரண்டு மூன்று கோப்பை போன பிறகு ருசி பாருங்கள். காபி தண்ணீர்க் குழாய் மாதிரி வெளுப்பாகச் சட்டென்று கொட்டினால் இன்னும் நைசாக அரைக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகத் திணறினால் கொஞ்சம் கொரகொரப்பாக. எலி வால் பருமனில், தேன் நிறத்தில், இடைவிடாமல் இறங்குவதுதான் சரியான ஓட்டம்.

இப்போது கொட்டை. பளபளவென்று எண்ணெய் கக்கும் கருவறுவல் வேண்டாம், அந்த எண்ணெய் தொட்டியிலும் கிரைண்டரின் வாயிலும் பிசினாக ஒட்டி வழியை அடைக்கும். வாசனை ஏற்றிய கொட்டை, சர்க்கரை பூசி வறுத்தது, எதுவும் கூடாது. மேல்தோல் உலர்ந்திருக்கும் நடுத்தர வறுவல் போதும். நம் காபிக் கடையில் தூளாக விற்றாலும் வறுத்த கொட்டை உள்ளே இருக்கும். "சிக்கரி இல்லாமல், அரைக்காமல், கொட்டையாகவே கொடுங்கள்" என்று கேளுங்கள். கடையில் பிளான்டேஷன் ஏ என்று சொன்னால், பதப்படுத்தும்போது கழுவிய அராபிகா (மென்மையான காபி வகை), பெரிய கொட்டை. பீபெரி என்றால் பழத்துக்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாக விளைந்த உருண்டைக் கொட்டை, கிரைண்டருக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும். பாலோடு குடிக்கும் நமக்கு அராபிகா மட்டும் போட்டால் கொஞ்சம் மெலிவாகத் தோன்றும். முக்கால் பங்கு பிளான்டேஷன், கால் பங்கு ரோபஸ்டா (அதைவிடக் காட்டமான வகை) என்று கலந்து வாங்குங்கள், பாலைத் தாண்டி வாசனை நிற்கும். வறுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். வறுத்து ஒரு வாரம் ஆனதிலிருந்து ஒரு மாதம் வரை நல்ல பருவம். நாளைக்கு நாலு கோப்பை, கோப்பைக்குப் பத்துக் கிராம் என்றால் ஒரு கிலோ 25 நாள் வரும். ஒரு கிலோவுக்கு மேல் ஒரு தடவையில் வாங்காதீர்கள். தொட்டியில் இரண்டு நாளுக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள், நம் ஊர் மழைக்காலக் காற்றில் கொட்டை சீக்கிரம் நமுத்துப்போகும்.

போடுவதற்கு முன்னால் கொட்டையை முறத்திலோ அகலத் தட்டிலோ பரப்பி ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அரிசி பார்க்கிற மாதிரிதான். காபிக் கொட்டையைக் களத்தில் காயவைக்கிறார்கள், சின்னக் கல் வருவது உண்டு. வறுத்த கொட்டையும் கல்லும் ஒரே நிறத்தில் இருக்கும். என் கையில் இதுவரை இரண்டு கல் சிக்கியிருக்கின்றன, மிளகளவு. கிரைண்டரில் "கிர்ர்" என்ற சத்தம் திடீரென்று கிரீச்சென்று மாறினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

கழுவும் வேலைகளில் முக்கியமானது ப்ரூ யூனிட், அதாவது தூளை அழுத்தும் அந்த உருளைப் பகுதி. டெலோங்கி, பிலிப்ஸ் போன்றவற்றில் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வெளியே எடுக்கலாம். ஜூரா வகையில் வீட்டில் எடுக்க முடியாது, அதற்குக் கழுவும் மாத்திரை உண்டு. எடுக்கக்கூடியது என்றால் முதலில் இயந்திரத்தைப் பொத்தானால் அணைத்து, அது அலசி முடித்து அடங்கும் வரை பொறுங்கள். அப்போதுதான் யூனிட் தன் இடத்துக்கு வந்து நிற்கும். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள், மறுபடி போட்டு அணையுங்கள். வாரம் ஒரு தடவை குழாயடியில் வெதுவெதுப்பான தண்ணீரில் காட்டினால் போதும். சோப்பு வேண்டாம். சோப்பு அதன் மசகை எடுத்துவிடும். காய்ந்த பிறகு திரும்பப் பொருத்துங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை உணவுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸை வளையங்களில் ஒரு பொட்டு தடவுங்கள்.

சக்கைப் பெட்டியைத் தினமும் இரவு கொட்டுங்கள், அது நிறைந்ததாகக் காட்டும் வரை விடாதீர்கள். சென்னை வெயிலில் ஈரச் சக்கை இரண்டாம் நாளே வெள்ளையாகப் பூஞ்சை கட்டும். இயந்திரம் ஓடும் நிலையில் இருக்கும்போது கொட்டினால்தான் அதன் எண்ணிக்கை பூஜ்யமாகும், அணைத்துவிட்டுக் கொட்டினால் அது தெரியாமல் மறுநாள் "நிறைந்துவிட்டது" என்று மறிக்கும். இன்னொன்று, கரப்பான். கதகதப்பும் ஈரமும் இருட்டும் ஒரே இடத்தில் கிடைத்தால் அது விடாது. சொட்டுத் தட்டை இரவில் துடைத்துக் காயவையுங்கள்.

பிளக்கையும் பாருங்கள். இவை பெரும்பாலும் 1,450, 1,500 வாட் இழுப்பவை, கணக்குப் போட்டால் ஆறு ஆம்பியரைத் தாண்டும். மிக்ஸி போடும் சின்ன சாக்கெட்டில் மாற்றுப் பிளக் வைத்து ஓட்டாதீர்கள். 16 ஆம்பியர் சாக்கெட் வேண்டும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டரிலும் வேண்டாம்.

பால் சூட்டுக்கு வருகிறேன். இயந்திரம் பாலை நுரைக்கும்போது 60, 65 டிகிரியில் நிறுத்திக்கொள்கிறது. அதற்கு மேல் போனால் நுரையைத் தாங்கும் புரதம் கட்டுக்குலையும், அதனால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். நமக்கோ டபராவில் ஆற்றிக் குடிக்கும் அளவுக்குச் சூடு வேண்டும். இந்த இரண்டும் ஒத்துப்போகாது. பாலை வழக்கம்போல அடுப்பில் காய்ச்சுங்கள். பொங்கி வரும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டும் ஒன்றாகத் தயாராகும். ஆவின் பச்சைப் பாக்கெட்டின் 4.5 சதவீதக் கொழுப்பு இந்த டிகாக்‌ஷனுக்கு நன்றாக ஒத்துவருகிறது, நீலத்தில் 3 சதவீதம்தான் என்பதால் மெலிந்துவிடும். இயந்திரம் போட்டவுடன் அலசித் துப்பும் வெந்நீரை டம்ளரிலேயே பிடித்து டம்ளரைச் சுட வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் கொட்டிவிட்டு அதில் டிகாக்‌ஷனைப் பிடியுங்கள். அப்புறம் டபராவில் உயரத் தூக்கி இரண்டு ஆற்று ஆற்றினால் போதும், நுரைக்குக் கருவி எதுவும் வேண்டாம்.

எப்போதாவது கப்புச்சினோ வேண்டும் என்றால் இயந்திரத்தின் பால் குழாயைப் பயன்படுத்தலாம். அதற்குக் காய்ச்சிய பால் வேண்டாம், ஏடு போய்க் குழாயில் அடைக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பாக்கெட் பாலை அப்படியே ஊற்றுங்கள். முடிந்த கையோடு குழாயைக் கழுவ வேண்டும், மாலைக்கு என்று வைத்தால் புளித்துவிடும்.

கடைசியாகச் சிக்கரி. கொட்டைத் தொட்டியில் எந்தத் தூளையும் போடக்கூடாது, இது தவறியும் கூடாது. சில இயந்திரங்களில் தூள் போடத் தனி வாய் இருக்கும். அதில் சிக்கரி கலக்காத தூளை ஒரு கரண்டி போடலாம். நீங்கள் வழக்கமாக வாங்கும் கலவைத் தூள் அதற்கும் ஆகாது. சிக்கரி என்பது வறுத்த வேர். அதில் சர்க்கரைத்தன்மை அதிகம், ஈரம் பட்டால் பிசுபிசுக்கும், ஊறி உப்பி வழியை அடைக்கும். பித்தளை ஃபில்டரில் அதுவே நல்லது. தண்ணீரை மெதுவாக இறங்க வைக்கிறது, டிகாக்‌ஷனுக்கு அடர்த்தியும் நிறமும் தருகிறது. சட்டப்படி கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், அதாவது சிக்கரி 49 வரை போகலாம். அந்த அளவுக்குச் சிக்கரியில் பழகிய நாக்குக்கு இயந்திரத்தின் காபியில் ஏதோ ஒன்று குறைவது போலத்தான் தோன்றும். உங்களுக்கு ஃபில்டர் காபி மாதிரி இல்லை என்று தோன்றுவதற்குப் பெரிய காரணம் இதுதான்.

என் மாமியாருக்கும் இதே குறைதான் இருந்தது. அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். காபிக் கடையில் சிக்கரியைத் தனியாக 100 கிராம் வாங்கினோம். எங்கள் பழைய சின்ன ஃபில்டரில் இரண்டு டீஸ்பூன் சிக்கரி மட்டும் போட்டு, 100 மில்லி கொதிநீர் ஊற்றி மூடினார். இரண்டே டீஸ்பூன் என்பதால் சீக்கிரம் இறங்கிவிட்டது, கறுப்பாக, பாகு வாசனையோடு. அதைச் சின்னப் பாட்டிலில் ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுகிறோம். டம்ளரில் முதலில் இதை ஒரு டீஸ்பூன் விட்டு, அதன் மேல் 40 மில்லி டிகாக்‌ஷனைப் பிடித்து, பொங்கிய பாலை ஊற்றி ஆற்றிக் கொடுத்தோம். முதல் வாய் குடித்துவிட்டு "இன்னும் அரை ஸ்பூன் விடலாம்" என்றார். இப்போது எங்கள் வீட்டில் அவருக்கு ஒன்றரை, எனக்கு அரை, என் பெண்ணுக்குச் சிக்கரியே வேண்டாம். மூன்றும் ஒரே இயந்திரத்தில், பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன.